பலூன் கடைத் துப்பாக்கியை நிமிர்த்திய கதை

எங்கள் முதலாளிக்குக் கோணல் என்றாலே ஆகாது. கணபதி என்கிற ஊரில் மில்லுக்கு ஸ்பிண்டிலும் மோட்டாருக்கு ஷாஃப்டும் செய்கிற சின்னப் பட்டறை அவருடையது. செய்து முடித்த எதையும் மட்டப் பலகைமேல் உருட்டிப் பார்ப்பார். அடியில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டில்கூடப் பந்திப் பாயை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த என்னை அவர் வேலைக்குச் சேர்த்துக்கொண்டதே, என் வகிடு நேராக இருந்ததால்தான் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தாராபுரத்துக்காரர் ஒருவர் துணியில் சுற்றிய காற்றுத் துப்பாக்கியோடு பட்டறைக்கு வந்தார். திருவிழாதோறும் பலூன் சுடுகிற கடை போடுபவர்.

"ஏனுங்க, ஷாஃப்டுக்குத் தோலை மட்டும் கெட்டியாக்கித் தாரீங்களாமா? அதே மாதிரி இந்தக் குழலுக்கு உள்தோலைக் கெட்டியாக்கித் தரோணுங்க. ஊசிக் குண்டு போய்ப் போய்த் தேயுது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுக் குழல் மாத்தினா நான் எப்படிங்க பொழைக்கறது?"

"செஞ்சு போடலாமுங்க" என்றார் முதலாளி.

"உள்ள மட்டும் பண்ணுங்க, போதும். வேற ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க." இதை அவர் போகிறபோது வாசலில் நின்று இன்னொரு தடவையும் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி குழலைக் கழற்றிப் பலகைமேல் உருட்டினார். அது நொண்டி நொண்டி ஓடியது.

"அடப் பாவமே, வாழைப்பழமாட்ட வளைஞ்சு கெடக்குதேடா!"

"அவரு உள்ள மட்டும்னாருங்ணா."

"இதை இப்படியே குடுத்தா நாளைக்கு நம்ம பட்டறையைப் பத்தி என்ன பேசுவாங்க? கூலி கெடக்குது. நிமித்திப் போடு."

நிமிர்த்தினோம். பிறகு எலும்புக் கரியைப் பொடித்துக் குழலுக்குள் திணித்து, கரி நிரப்பிய இரும்புப் பெட்டியில் புதைத்து, மூடிக்கு மண் பூசி உலையில் வைத்தோம். நெருப்பில் பழுக்கப் பழுக்கக் கரி இரும்பின் தோலில் ஊறும். அப்படியே எடுத்து எண்ணெயில் முக்கினால் தோல் மட்டும் அரமே வழுக்குகிற அளவுக்கு இறுகிவிடும். படுக்கப் போட்டால் வளைந்துவிடுமென்று முதலாளி குழலை நட்டுக்குத்தலாக, கிணற்றில் குடம் இறக்குவது போல எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கினார். திரும்ப உருட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த களை.

கொடுமுடித் தேருக்கு முதலாளியும், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியும் போனார்கள். பை தூக்க நானும் போனேன். அவர்கள் சாமி பார்க்கப் போனதும் நான் நேராகப் பலூன் கடைக்கு ஓடினேன். கடைக்கு முன்னால் ஒரே கூட்டம். சுட்டவனெல்லாம் சோப்பு டப்பாவோடும் சீப்போடும் திரும்பிக்கொண்டிருந்தான். ஒருத்தன் ஏழெட்டு வட்டக் கண்ணாடியை மடியில் கட்டியிருந்தான். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து மறைப்புக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"கண்ணு, நிசத்தைச் சொல்லு. குழலை நிமித்திப்போட்டீங்களா?"

"ஆமாங்ணா. அதுக்குக் கூலி வேண்டாம்னுட்டாருங்க மொதலாளி."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என்ற பொழப்பே அந்த வளைவுலதான ஓடிச்சு! தேர் இன்னும் நெலைக்குக்கூட வரல, பரிசுச் சாமான் பாதிக்கு மேல போயிருச்சு. பொழுதுக்குள்ள கடையைக் கட்டிட்டு ஊட்டுக்குப் போகோணும்."

"சுடறவனெல்லாம் செயிச்சா நல்லதுதானுங்களே, திருவிழா களை கட்டுமல்லங்க?"

"அதுக்குப் பேரு திருவிழா இல்ல கண்ணு, கல்யாணச் சீரு!"

எழுந்து போய்க் குழலை வண்டிச் சக்கரத்துக்குள் கொடுத்து வளைக்கப் பார்த்தார். நான் பாய்ந்து பிடித்தேன். "தோலு கெட்டியாயிருச்சுங்ணா. இப்ப வளைச்சா வெடிச்சுப் போகும். அப்புறம் துப்பாக்கியே இருக்காதுங்க."

கெட்டியாக்கித் தரச் சொன்னவரும் அவர்தான், கெட்டியாகிவிட்டதே என்று கண் கலங்கியவரும் அவர்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் குழல் நுனியில் குறி பார்க்க வைத்திருந்த பித்தளை முனை கண்ணில் பட்டது. அது எங்கள் உலைக்குப் பிறகு ஒட்டியது, மெத்தென்றுதான் இருந்தது. கூடாரத்து முளை அடிக்கிற சுத்தியலை வாங்கி அதன் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். எள்ளளவு நகர்ந்திருக்கும்.

அடுத்துச் சுட்டவனுக்குப் பலூன் தப்பியது. அதற்கடுத்தவனுக்கும் தப்பியது. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க!" என்று பழைய குரலில் கூவ ஆரம்பித்தார்.

அந்தக் குரலைக் கேட்டே முதலாளி அக்காவோடு வந்து சேர்ந்தார், நெற்றி நிறையத் திருநீறோடு. "அம்மணி, இது நம்ம பட்டறைக் குழலு. இப்பப் பாரு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். சுட்டார். பலூன்கள் அசையாமல் நின்றன. இன்னொன்று. அதுவும் போயிற்று.

"சோத்துல கல்லுக் கெடந்தா மட்டும் எட்ட நின்னே கண்டுபிடிப்பீங்க!" என்றார் அக்கா.

முதலாளி துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் காவேரிப் பக்கம் பார்த்தேன்.

"குழலு நூல் புடிச்சாப்புல இருக்குது. அப்ப என்ற கண்ணுதான் கோணல்."

கடைக்காரர் மனசு கேட்காமல் ஒரு சோப்பு டப்பாவை நீட்டினார். "அடிக்காத பலூனுக்கு எதுக்குங்க?" என்று முதலாளி கையை விலக்கிக்கொண்டார். அக்கா வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். தேர் நிலைக்கு வந்த பிறகும் கடை நடந்தது.

ஊர் திரும்பியதும் முதலாளி கண் வைத்தியரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லையென்று அனுப்பிவிட்டாராம். முதலாளிக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

"அந்த ஆளை எப்படிடா நம்பறது? செவுத்துல மாட்டியிருந்த எழுத்துப் பலகையே ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு. நாந்தான் நேராக்கிட்டு வந்தேன்."