கூடை ஊஞ்சலில் அண்ணியின் பக்கம்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் எடைக்கல். ஆள் குண்டு என்று நினைத்துவிட வேண்டாம், ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். மற்ற மெக்கானிக்குகள் ஒரு லிஃப்ட்டைப் பழுது பார்த்தால் தாங்களே ஏறி ஒரு தடவை மேலே போய் வந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அண்ணன் அப்படி இல்லை. கம்பெனியிலிருந்து இரும்புக் கட்டிகளை வரவழைத்து, தாங்க வேண்டியதைவிடக் கூடுதலாக உள்ளே அடுக்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே தொங்கவிடுவான். மறுநாள்தான் மனிதர்களை ஏற விடுவான். "முதல்ல இரும்பு ஏறணும், அப்புறம்தான் மனுஷன்" என்பான். அந்தக் கட்டடத்துக்காரர்கள் பையும் குழந்தையுமாகப் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே கிடையாது.

அண்ணி துணித் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தாள். காலையில் நிற்க ஆரம்பித்தால் மாலை வரை நிற்க வேண்டிய வேலை. பிள்ளைகள் இல்லை. ஆறாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி. வீட்டுக்கு வந்ததும் அண்ணி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பாள். அதுவும் நின்றபடிதான், ஏனென்றால் அங்கே உட்கார ஒன்றும் கிடையாது.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் எதிர்வீட்டு பால்கனியில் கூடை ஊஞ்சலைப் பார்த்திருக்கிறாள். ஒரு பெரிய முட்டையை நெட்டுக்கு வெட்டி, உள்ளே மெத்தை போட்டு, மேலிருந்து தொங்கவிட்டால் எப்படி இருக்கும், அதுதான். அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

"எனக்கு நகை வேண்டாம், ஊர் சுத்த வேண்டாம். அதுல ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றாள் அண்ணனிடம். என்னிடம் திரும்பி, "சாய்ஞ்சா தலைக்கு இடம் இருக்கணும், நாத்தனாரே. முட்டிக்குக் கீழ விளிம்பு வெட்டக் கூடாது. கால் தரையில எட்டணும், எட்டினாத்தான் உந்தி ஆடலாம். முக்கியமா ரெண்டு பேர் உக்காரணும். இவரை விட்டுட்டு நான் மட்டும் ஆடினா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

அண்ணனும் வாங்க ஒத்துக்கொண்டான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

விடுமுறை நாளெல்லாம் கடை கடையாக ஏறினோம். மூவரும்தான். அண்ணி நேராகப் போய் உட்காருவாள், தலையைச் சாய்ப்பாள், மெத்தையை அமுக்கிப் பார்ப்பாள், கட்டைவிரலால் தரையை உந்தி மெதுவாக ஆட ஆரம்பிப்பாள். அந்த முகத்தைப் பார்த்தால் எவனுக்கும் உடனே வாங்கிக் கொடுக்கத் தோன்றும். அண்ணனோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேலே சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஆடாத. இன்னும் நான் பாக்கல" என்பான்.

ஸ்பிரிங்கை இழுப்பான், வளையத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான், பற்றவைத்த இடத்தை நகத்தால் சுரண்டுவான். பிரம்பு நன்றாக இருந்தால் கம்பி மெலிசு. கம்பி தடியாக இருந்தால் கொக்கி சரியில்லை. ஒரு கடையில் விற்பனையாளர் பொறுமை இழந்து, "சார், இது உக்காந்து காபி குடிக்கத்தான். யாரும் இதுல மலை ஏறப்போறது இல்ல" என்றார். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று வெளியே வந்துவிட்டான்.

அடுத்த வாரம், அதற்கு அடுத்த வாரம் என்று ஊரில் இருந்த கடையெல்லாம் தீர்ந்து, பழைய கடைகளுக்கே மறுபடி போனோம். இப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத நோய். இஸ்திரிப் பெட்டியை ஒற்றைக் கையில் வீசியவளுக்கு, தண்ணீர் டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியிருந்தது. நடக்க முடியாமல் போனதும் அண்ணன்தான் படுக்கையிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து நாற்காலிக்கும் தூக்கிக்கொண்டு போவான். நான் அவளைத் தொடவே விடமாட்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஊஞ்சலை வாங்கி வந்தான். இருவர் உட்காருவது, சாம்பல் நிறம், கழுத்து வரை மெத்தை. அண்ணி கேட்டதெல்லாம் அதில் இருந்தது. பால்கனிக் கூரையில் துளை போட்டு ஒரே ஒரு கொக்கியில் மாட்டினான். ஒற்றைக் கொக்கி என்றால்தான் தெருப் பக்கமும் திருப்பலாம், வீட்டுப் பக்கமும் திருப்பலாம். ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தால்தான் நேராக நிற்கும். ஒருவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்தால் அந்தப் பக்கமாகச் சரிந்துவிடும். நானே உட்கார்ந்து பார்த்தேன், தோள் போய்க் கூடையில் இடித்தது.

அடுத்து அவன் செய்ததைச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். கம்பெனியிலிருந்து இரும்புக் கட்டிகளைக் கொண்டுவந்தான். பத்துப் பத்துக் கிலோ. அவன் பக்கம் ஆறு, அண்ணி பக்கம் ஆறு அடுக்கினான்.

அண்ணி எப்படியோ சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். சால்வையைப் போர்த்தியிருந்தாள். கண் முழுக்க ஊஞ்சல்தான்.

"எடுங்க அதை. நான் உக்காரணும்" என்றாள்.

"நாளைக்கு. ஒரு நாள் லோடுல தொங்கட்டும்."

"நான் இப்ப இருக்கிற எடைக்குத் துணி காயப்போடற கொடியே போதுங்க."

"நாளைக்குக் காலையில நானே தூக்கிட்டு வந்து உக்கார வெக்கிறேன். முதல்ல இரும்பு..."

"சரி சரி, உங்க இரும்பே உக்காரட்டும். நாளைக்கு எனக்கு" என்று சிரித்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

விடிந்து அவன் தூக்கப் போனபோது அண்ணி இல்லை. உடம்பு மட்டும் இருந்தது. வெளியே ஊஞ்சலில் இரும்பு உட்கார்ந்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நான் மட்டும் சில நாள் தங்கினேன். ஒரு மாலை பால்கனிக்குப் போனால் அண்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். தன் பக்கத்துக் கட்டிகளை எடுத்துவிட்டு அங்கே அவன் இருந்தான். அண்ணி பக்கத்து ஆறும் அப்படியே இருந்தன, மேலே அவள் சால்வை போர்த்தியிருந்தது. ஊஞ்சல் கொஞ்சமும் சரியாமல் நேராக நின்றது.

"அண்ணா, என்னது இது?"

"கடைக்குப் போனோமே, அப்ப அவ அறுபது கிலோ இருப்பா. கொக்கியில கைய வெச்சாலே தெரியும்."

"அதுக்குச் சால்வை எதுக்கு?"

"துரு பிடிச்சிடும்" என்றான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் நான். துக்கத்தில் தூக்கம் போனவர்களையும் புத்தி தடுமாறினவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். போகப் போகச் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அடுத்த முறை போனபோது ஊஞ்சல் லேசாக அவன் பக்கம் சாய்ந்திருந்தது. சால்வையை விலக்கிப் பார்த்தேன். ஐந்து கட்டிகள்.

"ஒண்ணு எங்க?"

"முதல் வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப அவ இவ்வளவுதான் இருந்தா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கினது நான்தானே" என்றான்.

அதற்கடுத்த முறை நான்கு. ஊஞ்சல் இன்னும் சாய்ந்திருந்தது, அவனும் அதோடு சேர்ந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அடுப்பங்கரையில் பாத்திரம் தண்ணீர் பட்டு எத்தனை நாள் ஆயிற்றோ. செத்துப்போனவளை என் கண்ணெதிரிலேயே இன்னொரு தடவை இளைக்க வைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த பால்கனியில் நிற்கவே பிடிக்கவில்லை. சால்வைக்குள் இரும்புதான் இருக்கிறது என்று தெரிந்தும் அதற்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை. பேசும்போது குரல் தானாகவே தணிந்தது, நோயாளி தூங்கும் அறையில் பேசுவதைப் போல.

"என்னோட வந்துடு அண்ணா. இதைக் கழட்டி யாருக்காவது குடுத்துடலாம்."

"அவ இன்னும் உக்காரவே இல்ல. அதுக்குள்ள குடுக்கச் சொல்ற" என்றான்.

மூன்று கட்டிகள் இருந்த நாளில் வாய்விட்டே கேட்டேன். "இதுக்கப்புறம்?"

"இதுதான் கடைசியா நான் தூக்கினது. இதுக்கப்புறம் அவ எடை எனக்குத் தெரியாது" என்றான்.

ஆறாவது மாடி, இடுப்பளவுக் கம்பி, தனி ஆள். அந்த மூன்றும் போனால் அவனைப் பிடித்து வைக்க அந்த வீட்டில் என்ன இருக்கிறது? அன்றிலிருந்து மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும் ஃபோன் மேலேயே கண்ணாக இருந்தேன். அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

பிறகு ஒரு நாள் அவனே கூப்பிட்டான். "சாயங்காலம் வந்துட்டுப் போ" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் மழித்து, கம்பெனிச் சட்டை போட்டு, பழைய அண்ணனாக நின்றான். வேலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். மூன்று கட்டிகளையும் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டானாம்.

"டெஸ்ட் முடிஞ்சுது" என்றான்.

அப்பாடா என்றிருந்தது. பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் பால்கனிக்குப் போனோம். அவன் போய்த் தன் ஓரத்தில் உட்கார்ந்தான். ஊஞ்சல் அப்படியே சரிந்தது. அவன் தோள் கூடையில் அழுந்த, மறுபக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. டீ அவன் சட்டையில் சிந்தியது.

"நடுவுல நகர்ந்து உக்காரு அண்ணா."

"அப்ப அவ எங்க உக்காருவா?"

என் பொறுமை அத்தோடு போயிற்று. "அண்ணி செத்துட்டாங்க! எரிச்சுட்டு வந்தவன் நீதானே? யாரு வந்து உக்காரப்போறா?" என்று கத்திவிட்டேன்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சட்டையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கு உக்கார வெக்கிறேன்னு சொல்லிட்டு, அவ எடத்துல இரும்ப வெச்சு அடைச்சிட்டேன். அடைச்ச எடத்துல எப்படி வருவா? அது புரியறதுக்கே எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு. இப்பதான் எடம் காலியா இருக்கு."

நான் அந்தக் காலிப் பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுக்கக் கை நீட்டினேன். "தொடாத" என்றான், சன்னமாக. நான் அண்ணியைத் தூக்கப் போனால் சொல்வானே, அதே குரல்.

இவனிடம் இனிப் பேசிப் பயனில்லை. நாளை என் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து, கையோடு அழைத்துப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன். தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. இவனை இப்படி விட்டுவிட்டு வந்தோமே என்று மனசு கேட்காமல் மேலே பார்த்தேன்.

அண்ணன் அதே ஓரத்தில்தான் இருந்தான். இரண்டு காலையும் மடக்கி மேலே வைத்திருந்தான். மறுபக்கம் காலிதான். எத்தனை தடவை பார்த்தாலும் காலிதான். ஆனால் ஊஞ்சல் சரிந்திருக்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

பக்கத்து வீட்டுக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. ஊஞ்சல் மட்டும் மெதுவாக ஆடியது, கட்டைவிரலால் உந்தி உந்தி ஆட்டுகிற அதே ஆட்டம். கடை கடையாகப் பார்த்த எனக்கு அது தெரியாதா? பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். நான் ஏறவில்லை.

'நாளைக்கு எனக்கு' என்று சிரித்துவிட்டுப் போன அண்ணி உட்கார்ந்துவிட்டாள். ஆடாதே என்று அண்ணன் சொல்லவில்லை.