சேறு படாத டயர்

பெரிய காஞ்சிபுரத்து வாட்டர் சர்வீஸ் கடையில் ஒருவரை அடிக்கடி பார்ப்பேன். வெள்ளை வேட்டி, தோளில் மஞ்சள் துணி. தன் பிக்கப் வண்டியைக் கடைக்காரர் கழுவிய பிறகு தானும் ஒருமுறை துடைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். "ஃபோர் வீல் டிரைவ்பா. ஏரிக்குள்ளயே எறக்கலாம்" என்பார்.

ஒரு மழைநாளில் தென்னேரிப் பக்கம் போனபோது, அந்த வண்டி தார்ச்சாலையோரம் நின்றிருந்தது. அவரோ உர மூட்டையைத் தலையில் சுமந்தபடி, முழங்கால் சேற்றில் தன் வயலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"வண்டியிலேயே போயிருக்கலாமே?" என்றேன்.

"காலையிலதான் கழுவிக்கினு வந்தேன். இந்தச் சேத்துல எவனாவது வண்டிய எறக்குவானா?" என்று முறைத்தார். "இந்த வழிக்குன்னே இன்னும் பெரிய டயரா பாத்துக்கினு இருக்கேன்பா."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பெரிய டயரும் இப்போது வந்துவிட்டது. தார்ச்சாலையோரம் நிற்கும்போது வண்டி முன்னைவிடக் கம்பீரமாகத்தான் இருக்கிறது.