கல்யாணசுந்தரியின் நான்கு ஹெட்போன்கள்

இடது காதுத் தோட்டைக் கழற்றி, திருகாணியோடு சேர்த்து முந்தானை முனையில் முடிந்துகொண்ட பிறகுதான் கல்யாணசுந்தரி நாற்காலியில் உட்காருவார். வலது தோடு காதிலேயே இருக்கும். டியூட்டி முடிகிறவரை அவர் ஒற்றைத் தோட்டுக்காரிதான். உட்கார்ந்ததும் பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். அங்கே வரிசையாக நான்கு ஆணிகள், அவற்றில் நான்கு ஹெட்போன்கள். எது எந்த ஆணியில் தொங்கவேண்டும் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். இரவு டியூட்டி பார்த்த குருநாதன் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தால், ஊராருக்கு ‘நம்பர் ப்ளீஸ்’ சொல்வதற்கு முன்னால் குருநாதனுக்கு நாலு வார்த்தை விழும். அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதைப் பற்றிக் கவலையில்லை.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, போர்டின் முன்னால் உட்கார்ந்து கையால் லைன் இணைக்கிற இந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஊரின் பெயரைப் போடமாட்டேன். போட்டால் அவருக்கு இன்னொரு மெமோ வரும். “எம்பேரைத் தாராளமாப் போடுங்கண்ணே. ஊரைப் போட்டாத்தான் வம்பு” என்று சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, ஆனாலும் அப்படியே செய்கிறேன். நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி சொல்ல அநேகமாகத் தினமும் அங்கே போகிறவன். வெளியூருக்குப் போடுகிற ட்ரங்க் கால் கிடைக்கிறவரை பெஞ்சில் உட்கார்ந்து அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போதெல்லாம் கால் சீக்கிரம் கிடைத்துவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கிறது.

முப்பது வயதிருக்கும். நெடிய உருவம். தேவகோட்டையில் எஸ்.எஸ்.எல்.சி. படித்து, பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். மாமியார் வீட்டில் வயலும் மாடும் உண்டு. கணவர் முத்தப்பன் பட்டாளத்தில் நாயக். வருஷத்துக்கு ஒரு லீவில் வருகிறார், போகிறார். மற்ற நாட்களில் கல்யாணசுந்தரிக்குச் சண்டை போட ஆள் வேண்டாமா? ஹெட்போன்கள் இருக்கின்றன.

முதல் ஆணியில் தொங்குவது ‘சீமைக்காரி’. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. கறுப்பு நிறம், நல்ல கனம். தலையில் பதிகிற பட்டைக்குத் தோல் சுற்றியிருக்கிறது. அடுத்த இரண்டையும் போல இதற்கும் ஒரே காதுதான். “இதுல பேசுறவுக பக்கத்துல வந்து ஒக்காந்து பேசுவாகண்ணே. மெட்ராஸ்ல இருக்கவன் பொய் சொன்னாக்கூட இங்குட்டுத் தெரிஞ்சிரும்.” இரண்டாவது ஆணியில் ‘வழுக்கி’. குரல் சுத்தமாம், ஆனால் எண்ணெய் வைத்த தலையில் நிற்காதாம். “போர்டைப் பாக்குறதா, இவளைத் தாங்கிப் பிடிக்கிறதா?” மூன்றாவது, கல்கத்தாவில் ஏதோ ஒரு கம்பெனி செய்தது. அதற்குக் ‘கல்கத்தா’ என்றே பெயர். இலேசாக, அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதும் அதன் குற்றப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. “இதுல வாரவுக அம்புட்டுப் பேருக்கும் சளி பிடிச்சிருக்கும். மூக்கடைச்சுக்கிட்டே பேசுவாக.”

இந்தத் தரவரிசையை அவர் சும்மா போட்டுவிடவில்லை. அதற்கு ஓர் உரைகல் உண்டு, ரைஸ் மில் தங்கச்சாமி. தங்கச்சாமி போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். அவர் லைனில் வந்ததும் கல்யாணசுந்தரி அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்பார். எதில் தங்கச்சாமி மனிதராகப் பேசுகிறாரோ அது உயர்ந்தது. எதில் மில்லே பேசுகிறதோ அது தாழ்ந்தது. தங்கச்சாமிக்கு இது தெரியாது. தன் காலுக்குத்தான் இவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று நினைத்து, தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறார்.

பக்கத்து நாற்காலிப் பெண் பொன்னழகுவின் வரிசை வேறு. அவருக்குக் கல்கத்தாதான் முதல், சீமைக்காரி மூன்றாவது. “சாயந்தரம் தலைவலி இல்லாமப் போறேன்ல, அது போதாதா?” என்றார் ஒரு நாள். “தலை வலிக்கலைன்னா வேலை பாக்கலைன்னு அர்த்தம்” என்றார் கல்யாணசுந்தரி. அவ்வளவுதான். ஒரு வாரம் இருவரும் ஒரே போர்டின் முன்னால் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஊரையெல்லாம் பேசவைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் பேசாமல் இருந்தார்கள். சீமைக்காரியை மட்டம் என்று சொன்னால் கல்யாணசுந்தரிக்குப் பிறந்த வீட்டைச் சொன்ன மாதிரி.

காலையில் டெட்டால் நனைத்த பஞ்சால் மூன்று ஹெட்போன்களையும் துடைப்பார். மூன்றைத்தான். நான்காவதைத் துடைப்பதில்லை. அதை நகர்த்த வேண்டியிருந்தால் ஒயரை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்குவார். அதன் பெயர் ‘ரெட்டைக் காது’. போன நவம்பரில் வந்தது. எஃகுப் பட்டை, இரண்டு காதுக்கும் இரண்டு கிண்ணங்கள். ட்ரங்க் போர்டில் உட்காருகிறவர்கள் இனி இதைத்தான் மாட்டவேண்டும் என்று சூப்பர்வைசர் நாகநாதன் உத்தரவு போட்டார். தூரத்து லைனில் குரல் கம்மியாக வருகிறது, இரண்டு காதாலும் கேட்டால் தெளிவாகக் கேட்கும் என்பது அவர் வாதம். அது ஒன்றும் தப்பான வாதம் இல்லை.

ஆனால் தோட்டோடு அதை மாட்டினால் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். மாட்டவேண்டுமானால் இரண்டு தோட்டையும் கழற்றவேண்டும். பள்ளத்தூரில் அவர் பக்கத்து ஜனங்களிடையே புருஷனைப் பறிகொடுத்தவள்தான் இரண்டு காதையும் வெறுமையாக விடுவாள். புருஷனோ எல்லையில் இருக்கிறார். பாகிஸ்தானோடு சண்டை வரப்போகிறது என்று தினமும் பேப்பரில் வருகிறது. அந்தப் பேப்பருக்குச் செய்தி சொல்கிறவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

“சார், ஒரு காது ஊருக்கு, ஒரு காது எனக்கு. இத்தனை வருசமா அப்படித்தானே வேலை பாத்தோம்? என்ன கொறைஞ்சு போச்சு?”

“உங்க தோட்டுக்குத் தகுந்த மாதிரி கவர்ன்மெண்ட் ஹெட்போன் செஞ்சு தருமாம்மா? கழட்டி வச்சா என்ன, காதா அறுந்துடும்?” என்றார் நாகநாதன்.

காது அறுவதைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரு பெண் எதைச் சொல்லத் தயங்குகிறாள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அவர் வீட்டிலும் ஓர் அம்மாள் தோடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கல்யாணசுந்தரி இரண்டு தோட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்தார்.

டிசம்பர் வந்தது. சண்டை மூண்டு சில நாள் ஆகியிருந்தது. முத்தப்பனிடமிருந்து கடிதம் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவி, தண்ணீர்ப் பானைக்குப் போனார் கல்யாணசுந்தரி. வியர்வையோடு பொட்டும் போயிருந்தது. திரும்பவும் கழற்றத்தானே வேண்டும் என்று தோட்டைப் போடவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் பள்ளத்தூர் கண்ணம்மை ஆச்சி உட்கார்ந்திருந்தார். மெட்ராஸ் மகனுக்குப் போட்ட கால் வரவில்லை என்று காலையிலிருந்து காத்திருந்தவர். கல்யாணசுந்தரியை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்தார். “எங்காலை ரத்துப் பண்ணிருங்க” என்று ஜன்னலில் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். கால் கிடைக்காத வருத்தம் என்று நினைத்தோம்.

ஆச்சி நேரே போனது முத்தப்பன் வீட்டுக்கு. இந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போகிறவர்கள் வாய் திறந்து விசாரிப்பதில்லை. உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும். விசாரிப்பு என்பது அதுதான். முத்தப்பனின் தாயார் மலையம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி வந்து கையைப் பிடித்து அழுதார். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறார், மருமகளும் அங்கேதான் இருக்கிறாள், சேதி அங்கேதான் வந்திருக்கிறது என்று மலையம்மாள் முடிவு கட்டிவிட்டார். அவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? சொந்தமும் பந்தமும் கூடி, அடுத்த பஸ்ஸில் மார்பில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

பெஞ்சிலிருந்த நாங்கள் எழுந்து நின்றுவிட்டோம். கல்யாணசுந்தரிக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு காதும் அடைத்துக் கிடந்தன. முதுகுக்குப் பின்னால் தன் வீட்டு ஒப்பாரி நடக்க, அவர் மதுரையோடு பேசிக்கொண்டிருந்தார். மலையம்மாள் உள்ளே ஓடிப்போய்த் தோளில் விழுந்த பிறகுதான் திரும்பினார். மாமியாரின் முகத்தைப் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றினார்.

“எப்ப அயித்த தந்தி வந்துச்சு?” என்றார் மெதுவாக.

“என்னையக் கேக்குறியே தாயி? ஒனக்குத்தானே வந்துச்சு!”

“எனக்கு வரலையே அயித்த.”

“அப்ப யாருக்குத்தேன் வந்துச்சு?”

யாருக்கும் வரவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு வந்திருக்கிறது என்று நம்பி அழுதிருக்கிறார்கள். வெறும் காதைப் பார்த்து ஆச்சி அழுதார், ஆச்சியைப் பார்த்து மாமியார் அழுதார், மாமியாரைப் பார்த்து அந்த ஒரு நிமிஷம் கல்யாணசுந்தரி தாலியறுத்தவராகவே உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். எந்த மெமோ போட்டு அதை ரத்து செய்வார்கள்?

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு தோட்டை மலையம்மாளே திருகிவிட்டார். ரெட்டைக் காதை ஒயரோடு பிடுங்கி நான்காவது ஆணியில் மாட்டிவிட்டு, வாசலுக்கு ஓடிவந்த நாகநாதனிடம் திரும்பினார்.

“சார், வேலையை விட்டுத் தூக்குறீகளா, தூக்குங்க. இதை எந்தலையில தூக்கி வைக்காதீக. ஒத்தைக் காது திறந்திருந்தா எங்க அயித்த வாசல்ல அழுவுறப்பவே கேட்டிருப்பேன். ‘நிறுத்துங்க, ஒண்ணும் இல்லை’ன்னு சொல்லியிருப்பேன். ஊரு பேசுறதைக் கேக்குறதுக்காக எங்க வீட்டுச் சத்தம் எனக்குக் கேக்கக்கூடாதா?”

மெமோ வந்தது. வெளியாட்களை உள்ளே விட்ட குற்றத்துக்கு. அதோடு, ரெட்டைக் காதை மாட்ட மறுத்ததால் அவரை ட்ரங்க் போர்டிலிருந்து எடுத்து உள்ளூர் போர்டில் போட்டார்கள். தங்கச்சாமியையும் டாக்டர் வீட்டையும் இணைக்கிற வேலை. வடக்கேயிருந்து ஒரு சேதி வந்தால் அது ட்ரங்க் போர்டில்தான் வரும். அதிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரன் மனைவியை எழுப்பிவிட்டவர்களை என்ன சொல்லித் திட்டுவது? கல்யாணசுந்தரிக்குத் தெரிந்த வசவெல்லாம் எனக்குத் தெரியாது.

சண்டை நின்றது. ஊரில் வெடி போட்டார்கள். கடிதம் வரவில்லை. பொங்கலும் போயிற்று. அந்த நாட்களில் அவர் ஹெட்போன்களைப் பற்றிப் பேசவேயில்லை. குருநாதன் ஆணி மாற்றி மாட்டியதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு முற்பகல். நாகநாதன் இல்லாத சமயம் பார்த்துக் கல்கத்தாவை மாட்டிக்கொண்டு ட்ரங்க் போர்டிலிருந்த பொன்னழகு எழுந்து நின்று கத்தினார். “சுந்தரி, ஜலந்தர்டீ! முத்தப்ப அண்ணன்டீ!” பஞ்சாபில் எங்கேயோ ஒரு போஸ்டாபீஸில் முத்தப்பன் நின்றுகொண்டு, என் சம்சாரமும் ஆபரேட்டர்தான் என்று சொல்லியிருக்கிறார். ஜலந்தர் டெல்லிக்குச் சொல்ல, டெல்லி மெட்ராஸுக்குச் சொல்ல, மெட்ராஸ் மதுரைக்குச் சொல்ல, முகம் தெரியாத ஆபரேட்டர்கள் அத்தனை பேரும் லைனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கல்யாணசுந்தரி ஒரே தாவலில் ட்ரங்க் போர்டுக்கு வந்து சீமைக்காரியைச் செருகினார். இரைச்சல்தான். பேசுகிறவர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. வழுக்கியைச் செருகினார். அதிலும் இரைச்சல். “ஹலோ, ஹலோ” என்றவர் சுவரைப் பார்த்தார். நான்காவது ஆணியிலிருந்து ரெட்டைக் காதைப் பறித்து, வலது தோட்டைக் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டி, இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு காதையும் அழுத்திக்கொண்டார்.

“கேக்குது… கேக்குதுங்க. நல்லா இருக்கீகளா? கையி காலு? நெசமா? சத்தியமா? காயிதம் போட என்ன வந்துச்சு உங்களுக்கு? … சாப்பிட்டீகளா?”

வேறு என்ன பேசினார் என்று சொல்லமாட்டேன். மூன்று நிமிஷம் முடிந்தும் மதுரை லைனை வெட்டவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். ஹெட்போனைக் கழற்றியபோது வலது காதுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து ரவிக்கைத் தோளில் ஒரு பொட்டு விழுந்திருந்தது.

நாகநாதன் கதவருகே நின்றார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். “இப்ப சொல்லும்மா, எது முதல்?” என்றார்.

“சீமைக்காரிதான் சார் முதல். இது கடைசிதான். நாளைக்கும் கடைசிதான்” என்றார் கல்யாணசுந்தரி.

பொன்னழகு காது ரத்தத்துக்காகப் பஞ்சில் டெட்டாலை நனைத்து நீட்டினார். கல்யாணசுந்தரி அதை வாங்கி, ரெட்டைக் காதை மடியில் வைத்து, அதன் ஒரு கிண்ணத்தைத் துடைத்தார். திருப்பிப் பிடித்து மற்றதையும் துடைத்தார். பிறகு எழுந்து போய், இரண்டு கையாலும் பிடித்து, அதை நான்காவது ஆணியிலேயே மாட்டினார்.