மொட்டைக் காசு திரும்பி வந்த வழி

அந்த பஸ் கண்டக்டருக்கு டிப்போவில் வைத்த பெயர் செல்லாக்காசு. யாரும் வாங்காத காசை அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். விளிம்பு பிதுங்கியது, எழுத்து இரட்டையாக விழுந்தது, புரட்டினால் பின்பக்கம் தலைகீழாக நிற்பது, எல்லாமே நாணயச்சாலையில் பிறக்கும்போதே கோணிப்போன பிள்ளைகள். பயணிகளுக்கு அவர் ஏமாளி. அவருக்குப் பயணிகள்தான் ஏமாளிகள்.

வீட்டில் மட்டும் கதை வேறு. சமையலறை அலமாரியின் மேல் தட்டு இரண்டிலும் பிஸ்கட் டப்பாக்கள் நிறையக் காசு; பருப்பு டப்பாக்கள் தரையில். இனி ஒரு காசு உள்ளே வந்தால் நான் வெளியே என்று மனைவி சொல்லியிருந்தாள். அதனால் போன மாதம் கிடைத்த மொட்டைக் காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். அச்சு நழுவி, பாதி உருவம் மட்டும் விழுந்து, மறுபாதி வழவழவென்று இருக்கும் காசு. அப்படியும் வருடம் தெளிவாகத் தெரிந்தது. அதுதான் அதன் அழகு. ஞாயிற்றுக்கிழமை நாணயச் சேகரிப்பாளர் சங்கத்தில் அதைக் காட்டி, தன்னை எப்போதும் மட்டம் தட்டும் செயலாளரின் வாயை அடைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நெரிசலில் சில்லறை போதாமல் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மொட்டைக் காசை யாருக்கோ மீதியாகக் கொடுத்துவிட்டது மூன்று நிறுத்தம் தாண்டித்தான் உறைத்தது.

இறங்கித் தேடு என்றார் டிரைவர். இவர் அசையவில்லை.

"எதுக்குண்ணே தேடணும்? அந்த மூஞ்சிய எவன் வீட்ல வச்சுப்பான்? ஒருத்தன் தலையில ஒருத்தன் கட்டி, கடைசில இந்த ஏமாளிகிட்டதான் வந்தாகணும்."

புதன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை, நீட்டிய காசையெல்லாம் ஏக்கமாகப் பார்த்ததில் நாலு பேருக்கு டிக்கெட் கிழிக்கவே மறந்துபோனார்.

சனிக்கிழமை காலை, பாத்திரம் கழுவும் தொட்டியருகே பல் துலக்கிக்கொண்டிருந்தவர் முன் மனைவி வந்து நின்றாள். உள்ளங்கையில் மொட்டைக் காசு.

"காய்கறிக்காரர் என் தலையில கட்டிட்டாருங்க. உங்க பஸ்ல தள்ளிவிட்டுடுங்க."

போன மச்சான் திரும்பி வந்தேவிட்டான். அவர் முகத்தை முடிந்த மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு, எல்லாம் என் தலையெழுத்து என்று கையை நீட்டினார். கைதான் காட்டிக்கொடுத்தது. காசின் விளிம்பை மட்டும் தொடப் பார்த்தது, இரண்டே விரலால்.

அவள் கையைப் பார்த்தாள், காசைப் பார்த்தாள். பதினெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள்.

"ரொம்ப அழுக்கா இருக்கே. தேச்சுத் தரட்டுமா?" என்று தொட்டியிலிருந்த கம்பி நாரை எடுத்தாள்.

தேய்த்த காசு செத்த காசு என்று அந்த வீட்டில் ஆயிரம் முறை பாடம் எடுத்தவர் அவரேதான். வாயில் நுரையோடு, வேண்டாம்மா என்று குழறினார்.

"மேல் தட்டு ரெண்டும் காலியாகணும்."

"ஒண்ணு."

நார் காசின் மேல் உட்கார்ந்தது.

"சரி, ரெண்டும்."

மத்தியானத்துக்குள் பருப்பு மேலே ஏறியது. காசு கட்டிலுக்கு அடியில் போனது. மறுநாள் சங்கத்தில் செயலாளர் பூதக்கண்ணாடியை வைத்து மொட்டைக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, என்ன விலைக்குப் பிடித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு தட்டு" என்றார் செல்லாக்காசு.