சட்டம் வரட்டும்

மனுவைப் படிக்கத் தொடங்குமுன் சகாயராணி ஜன்னலைச் சாத்துவார். மாட்டுங்கா கடைத்தெருவின் பூ வாசனையும் காய்கறிக்காரர்களின் கூவலும் அதோடு நின்றுவிடும். பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் கணவன் மனைவி இருவரையும் பார்த்து, "நடுவுல பேசப்பிடாது. கடைசில கேப்பேன், அப்பம் சொன்னாப் போதும்" என்பார்.

வக்கீல் சாதனாவிடம் இருபது வருடமாகத் தட்டச்சர். மனமொத்துப் பிரிகிறவர்களின் மனு ஆங்கிலத்தில் இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் தாராவித் தமிழர்கள். புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாதே. அதனால் வரிவரியாகத் தமிழில் சொல்லி, 'இவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்' என்று அடியில் ஒப்பமிடுவார். அடுத்த அறையில் ரயில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் எனக்குப் பலகைத் தடுப்பு வழியாக எல்லாம் கேட்கும். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் மழைக்கால மத்தியானத்தில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

மனுவின் முதல் வரியிலேயே சிலருக்குத் தகராறு. இருவரும் கூட்டாகப் போடும் மனு என்பதை அவர் "ரெண்டு வேரும் சேந்து" என்றுதான் சொல்வார். போன மாதம் காட்கோபரிலிருந்து வந்த அய்யாத்துரை என்பவர் பேனாவை மூடிவிட்டார். "சேந்து இருக்க முடியாதுன்னுதான இம்புட்டு தூரம் வந்துருக்கோம். அந்த வார்த்தைய எடுங்க."

சகாயராணி சிரிக்கவில்லை. "பிரியுததுக்கும் சேந்துதான் வரணும் அண்ணாச்சி. ஒத்தையில வந்தா அது சண்டைக் கேஸு."

கடைசியில் "சம்மதமா?" என்று கேட்கும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். தாலி கட்டுமுன் தேவாலயத்தில் கேட்கும் அதே வார்த்தை. அவரிடமும் ஒருநாள் கேட்டார்கள்.

அவர் கணவர் தனசீலன் ஒன்பது வருடமாகக் கோபர்கைரனேயில் ஜாய் என்ற பெண்ணோடு இருக்கிறார். சண்டையெல்லாம் ஓய்ந்து, கோபமும் ஆறிப்போய், மாதம் ஒரு போன் வரும். "ராணி, நம்ம பேப்பரு எப்பம்?"

இவர் பதில் மாறியதே இல்லை. "சட்டத்த லேசாக்கப் போறாவளாம். வரட்டும். ஆறு மாசம் அலையாம ஒரே நாள்ல முடிச்சிருவோம்."

அப்படிப்பட்ட செய்திகளைப் பேப்பரிலிருந்து வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார். பழையவை மஞ்சளாகிவிட்டன. ஊருக்கெல்லாம் ஒரு வாரத்தில் மனு, உங்களுக்கு மட்டும் நாடாளுமன்றம் கூடவேண்டுமா என்று ஒருநாள் சீண்டினேன். அவர் கம்பியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது வராத வரைக்கும் நான் அவிய பொஞ்சாதிதான" என்றார். என்னிடம் சொன்னது போலவே இல்லை. கேட்டிருக்க வேண்டாம் என்று வருத்தமாக இருந்தது.

இந்த ஜூலையில் தனசீலனுக்கு நெஞ்சுவலி. ஆபரேஷனுக்கு மனைவியின் கையெழுத்து வேண்டும் என்று சகாயராணியை அழைத்தார்கள். போய்ப் போட்டார். மறுநாள் வேலைக்கு வந்தவர் வெகுநேரம் தட்டச்சுப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை.

"அந்த ஜாய் புள்ள அவிய செருப்பக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னுச்சு. நீ யாருன்னு கேட்டா என்ன சொல்லும்? நான் ராஜாத்தி மாதிரி உள்ள போனேன். நல்லாவா இருக்கு?"

அன்றைக்கே தன் மனுவைத் தானே தட்டச்சு செய்தார். எந்தச் சட்டமும் வந்திருக்கவில்லை.

உடம்பு தேறி, போன செவ்வாய்க்கிழமை தனசீலன் வந்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தன் மனுவைத் தானே விளக்கக் கூடாது என்பதால் அந்த வேலை ஜூனியர் அம்முவுக்கு. மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழ் பேச்சோடு சரி. "மாமா, இதுல என்ன போட்டிருக்குன்னா, நீங்க ரெண்டு பேரும் ஆல்ரெடி அலகாத்தான் இருக்கேள்..." என்று தடுமாறினாள். அலகா என்ற இடத்தில் 'தனித்தனியா' என்று தொடங்கி, தடுக்கிய இடத்திலெல்லாம் சகாயராணியே தமிழ் வார்த்தையை எடுத்துக்கொடுத்தார்.

"சம்மதமா?" என்று அம்மு கேட்டதும் தனசீலன் மனைவியைப் பார்த்தார். "மொதல்ல நீ சொல்லு ராணி."

"சம்மதம்" என்றார் சகாயராணி. பிறகு அவரும் சொன்னார்.

காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்கள். தனசீலன் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் பேனா காகிதத்தின் மேல் அலைந்தது. சகாயராணி தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, அவர் காதில் மாட்டிவிட்டார்.