மழையை ஏசும் தெரு

அந்தத் தெருவைப் பற்றி யாராவது மட்டமாகப் பேசினால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன். எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தபோது நானே அதை மட்டமாகத்தான் நினைத்தேன். விளாத்திகுளம் பக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டில் பிறந்தவள் என்ற மிதப்பு. இங்கே வாசலை விட்டு இறங்கினால் கால் வைக்க இடமிருக்காது. ஒட்டிய தீப்பெட்டிகளைத் தெரு முழுக்கக் காயப் போட்டிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் தெருமுனையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும். தபால்காரரும் அப்படித்தான், மில்லில் ஃபிட்டராக இருந்த என் வீட்டுக்காரரும் அப்படித்தான்.

வந்த மூன்றாம் மாதம், ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்ததும் வாசலுக்கு ஓடினேன். மானம் பார்த்த பூமியில் பிறந்தவளுக்கு வேறென்ன செய்யத் தெரியும்? இரண்டு கையையும் நீட்டி, சிரித்துக்கொண்டு நனைந்தேன். தெருவோ, "நாசமாப் போற மழை" என்று ஏசியபடி பெட்டிகளை அள்ளிக்கொண்டிருந்தது. மழையை மனிதர்கள் ஏசுவதை அன்றைக்குத்தான் கேட்டேன். சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு.

என் வாசலில் கிடந்தவை எதிர்வீட்டு அக்காவின் பெட்டிகள். அவர் ஒட்டி முடித்ததைக் கொடுத்துக் கூலி வாங்கத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தார். யாருடைய பெட்டியானாலும் சரி, எவர் வாசலில் கிடக்கிறதோ அவர்தான் அள்ள வேண்டும் என்பது அந்தத் தெருவின் வழக்கம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அக்கா ஓடி வந்து பார்த்தபோது மூன்று நாள் உழைப்பு தாள் உரிந்து கூழாகிக் கிடந்தது.

"மழைல ஆடுததுக்குக் கை இருக்கு. அள்ளுததுக்கு இல்லையாட்டி?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மறுநாள் தெருவே நிறுத்தியது. தப்பு என்னுடையதுதான். அதற்காக என்னை ஒதுக்கி வைக்க இவர்கள் யார் என்று பொருமினேன். அழுதுகொண்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ! ஐந்தாம் நாள், யாரும் கூப்பிடாமலே எதிர்வீட்டுக்குப் போய் அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்து பசைக்குள் விரலை விட்டேன். அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் ஒட்டியதெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. அவர் பேசாமல் பிரித்துப் போட்டார். நானும் பேசாமல் மறுபடி ஒட்டினேன். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை, நகக்கண்ணெல்லாம் எரிந்தது. கெட்டுப்போன அத்தனையையும் ஒட்டிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று எனக்கு வீம்பு. தினமும் போனேன்.

எப்படியோ சேதி ஊருக்கு எட்டி, பத்தாம் நாள் என் அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். நைனா அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அக்காவுக்குப் புரியக் கூடாதென்று எங்கள் வீட்டுத் தெலுங்கில், தணிந்த குரலில் பேசினார். நம் குடும்பத்துப் பெண் கூலிக்குப் பெட்டி ஒட்டுவதா, துணிமணியை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பு, மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

நான் வேண்டுமென்றே தமிழில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"நைனா, இவிய பெட்டிய நனைய விட்டது நான்தான். ஒட்டிக் குடுக்காம வரமாட்டேன். ஒட்டிக் குடுத்தாலும் வரமாட்டேன். இங்கனதான் இருப்பேன்."

நைனாவுக்கும் தெலுங்கு மறந்துபோனது. "ஊருல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"எம் மக பெட்டி ஒட்டுதான்னு சொல்லுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் நடந்தார். பெட்டிகளுக்கு நடுவே வழி தெரியாமல் தடுமாறித்தான் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. குனிந்து ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

"ஏட்டி, பசைக்குள்ள அழாத. நீத்துப் போவும்."

பத்து நாளுக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"யாரு அழுதா?" என்று எகிறினேன்.