காப்புக் கட்டிய கை

காளியாயி வாய் திறந்து சண்டை போட்டால் மேமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தினமும் நடப்பதுதானே. அவள் வாயை மூடிக்கொண்டால்தான் எல்லோரும் உஷாராவார்கள். பஜார் முதலாளி அழகையா விஷயத்தில் அவள் வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மேமலைக்குக் கீழே, மஸ்கெலியா பஸ் வந்து திரும்பும் இடத்தில் ஒரு சின்ன பஜார். அதில் பெரிய கடை அழகையா ஸ்டோர்ஸ். முன்பக்கம் ஊதுவத்தியும் லட்சுமி படமுமாக மங்களகரமாக இருக்கும். பின்பக்கம் ஆற்றின்மேல் தூண் நட்டு நீட்டிக் கட்டியது. பின்கதவைத் திறந்து கொட்டினால் குப்பை நேரே தண்ணீரில்தான் விழும். பிரதேச சபை டிராக்டர் வரும் நாளில் வாசலில் ஒரு சின்ன மூட்டையை வைத்து முதலாளி நல்ல பிள்ளைப் பெயர் வாங்கிக்கொள்வார். மிச்சமெல்லாம் பின்கதவு வழியே ஆற்றோடு போய்விடும்.

காளியாயியிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. கொழுந்துச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் போனால், செவலையின் பாலில்தான் மகள் தனுஜா டவுனுக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். டீச்சராவது என்று அம்மாவும் மகளும் முடிவு கட்டியிருந்தார்கள். ஆற்றோரப் புல்லில் மேய்ந்த செவலை ஒருநாள் வயிறு உப்பிப் படுத்தது. எழுந்திருக்கவே இல்லை. மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் கந்தப்பன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார். உள்ளே தலையணை அளவுக்குப் பொலித்தீன் முறுக்கிக் கிடந்தது. ஒரு மடிப்பை விரித்தால் பிள்ளையார் படம், அதற்குக் கீழே அழகையா ஸ்டோர்ஸ்.

அதைத் தூக்கிக்கொண்டு காளியாயி கடைக்குப் போனாள். கடை நிறைய ஆட்கள். அழகையா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாட்டைக் கட்டி வளர்க்கத் தெரியாதவளுக்கு மாடு எதுக்கு?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

காளியாயி லயத்துக்குத் திரும்பி வந்தாள். அந்தப் பொலித்தீன் உருண்டையைப் பீலியில் அலசி, காயவைத்து, ஒரு பெரிய தகர டின்னில் அமுக்கிப் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்தாள். இதை அவர் கையாலேயே, ஊர் பார்க்க, குப்பையில் போடவைக்காமல் விடுவதில்லை என்று மாரியம்மன் பெயரில் சபதம் செய்துகொண்டாள். அடுத்த மாதமே தனுஜா படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்குப் போனாள். அவள் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கடல். முதல் முறை கடலைப் பார்க்கப் போனவள் போனில் அழுதாளாம். மணல் முழுக்கப் பைகள் என்றாள். ஒவ்வொன்றாகப் புரட்டி நம்ம பஜார் பெயர் இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். அந்தப் பெயர் இல்லை. ஆனால் ஒவ்வொரு பையும் ஏதோ ஓர் ஊர் அழகையா வீசியதுதானே.

காத்திருந்தவளுக்குக் காலம் வந்தது. ஆற்றையும் குப்பையையும் கவனிக்கும் சபையின் சுற்றாடல் உத்தியோகத்தராக நிஷாந்தி வந்தாள். ராகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. இந்த ஆறு மவுசாக்கலைத் தேக்கத்தில் விழுந்து, களனியோடு சேர்ந்து, கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. ஆகவே குப்பையை மலையிலேயே மறிக்க அரசாங்கம் ஆற்றுக்குக் குறுக்கே கம்பி வலை போடப்போகிறது என்று கூட்டம் வைத்துச் சொன்னாள். வலையைச் சபை போடும், சேருகிற குப்பையை ஊர் அள்ளவேண்டும், டிராக்டர் ஏற்றிப் போகும். அழகையா எழுந்து, வலையைக் கீழே தேக்கத்துக்குப் பக்கத்தில் போட்டால் நல்லது என்று பொதுநலமாகப் பேசினார். அங்கே போட்டால் பத்து ஊர்க் குப்பை கலந்துவிடும், யாருடையது என்று தெரியாது. காளியாயி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். பஜாருக்குக் கீழே கரகத் துறை இருக்கிறதே, சாமி காரியம் நடக்கிற இடம், வலையை அங்கேயே போடுங்கள், அள்ளுகிற வேலையை எங்கள் மாதர் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றாள். சாமி பெயரைச் சொன்ன பிறகு யார் மறுப்பது?

வலை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு போய் அள்ளினார்கள். லயத்துக் குப்பையும் கொஞ்சம் இருந்தது. லயத்துச் சாக்கடைக் கானில் வீசினவளைக் காளியாயி பெயர் சொல்லியே கிழித்தாள். ஆனாலும் வலையில் பெரும்பங்கு பிள்ளையார் பைதான். பின்கதவை மூடச் சொல்லும் சபை நோட்டீசை எடுத்துக்கொண்டு நிஷாந்தி கடைக்குப் போனாள். முதலாளி கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போய்விட்டார் என்றார்கள். மறுபடியும் போனாள், மறுபடியும் கொழும்பு. அவரை நேரில் வைத்துக்கொண்டுதான் பின்கட்டைத் திறந்து பார்த்து நோட்டீசைக் கையில் கொடுக்க முடியும் என்று அவள் சலித்துக்கொண்டாள். அவள் ஜீப் வளைவில் திரும்பும்போதே யாரோ தகவல் சொல்லிவிடுகிறார்கள், மனிதர் மாயமாகிவிடுகிறார்.

பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்கவேண்டும். அந்த வருஷத் திருவிழாவுக்குத் தலைவர் தெரிவு நடந்தபோது கூட்டத்தில் காளியாயி எழுந்தாள். நம்ம ஊரில் அழகையா ஐயா மாதிரிப் பக்திமான் உண்டா, இந்த முறை அவரே காப்புக் கட்டி முன்னால் நிற்கட்டும் என்றாள். அவள் புருஷன் இராமையாவுக்கு இருமல் வந்துவிட்டது. அழகையா முகம் பூரித்துப்போனது. வழியில் இராமையா, செவலையை மறந்துபோச்சா என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். அவனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மன் குற்றம். இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பெருமை கண்ணை மறைத்ததால் அழகையா மட்டும் அதை யோசிக்கவில்லை. பூசாரி பொன்னையா மஞ்சள் கயிற்றை அவர் வலது மணிக்கட்டில் முடிந்த அன்றைக்கே காளியாயி நிஷாந்திக்குப் போன் போட்டாள். கரகத்தன்று சாயந்திரம் வாங்க, ஆள் ஊரில்தான் இருப்பார் என்றாள். சங்கத்துப் பெண்களிடம், கரகம் முடியும்வரை வலையில் யாரும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல்நாள் சித்திரை மழை இடியோடு கொட்டியது. அம்மன் தன் பக்கம்தான் என்று காளியாயிக்கு நிச்சயமாயிற்று.

கரகத்தன்று பொழுது சாயுமுன் தப்பு மேளம் முழங்க ஊரே துறைக்கு இறங்கியது. அழகையா புது வேட்டியில் முன்னால் வந்தார். துறையைப் பார்த்ததும் தப்பு தானாக நின்றது. வலை வயிறு தள்ளி நின்றது. தண்ணீரே தெரியவில்லை. பார்த்த இடமெல்லாம் பிள்ளையார் படமும் அழகையா ஸ்டோர்ஸும் மிதந்தன. யாரோ ஒருத்தி "ஐயோ, பிள்ளையாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கரகம் ஜோடிக்கும் முன் துறையைச் சுத்தம் செய்வது காப்புக் கட்டியவரின் கடமை. மற்ற வருஷங்களில் நாலு சருகை எடுத்துப் போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் முடிந்தது. அழகையா கண்ணைக் காட்ட, கடைப் பையன்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். பொன்னையா தடுத்தார். காப்பில்லாத கை இதில் படக்கூடாது என்றார். அவர் முறை தவறமாட்டார் என்பது காளியாயிக்குத் தெரியும். கரைமேல் நிஷாந்தி நோட்டீசோடு நின்றாள். வேறு வழியில்லாமல் அழகையா முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

காளியாயி கொழுந்துச் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு அவருக்கு எதிரில் நின்றாள். மஞ்சள் கயிறு கட்டிய கை ஒவ்வொரு பையாக எடுத்துப் போட்டது. அழுகின மீன் பெட்டியும் அதில் வந்தது. அவசரப்படாமல் செய்யச் சொல்லி அவள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? ஒருவழியாகத் தண்ணீர் தெரிந்து அவர் நிமிர்ந்தபோது, கரையில் வைத்திருந்த தகர டின்னை எடுத்துத் திறந்து உருண்டையை நீட்டினாள்.

"இன்னும் ஒன்னு இருக்குங்க மொதலாளி. இது எங்க செவலை வயித்துல கெடந்தது. இதையும் உங்க கையாலயே போட்டுருங்க."

அவர் அதை அடையாளம் கண்டுகொண்டார். கை நீளவில்லை. "எல்லாரும் பாக்குறாங்க காளியாயி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"அதுக்குத்தாங்க காத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் வாங்கிச் சாக்கில் போட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. காளியாயி தலைக்கயிற்றை நெற்றியில் மாட்டிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். பின்னால் தப்பு மறுபடி முழங்கியது, நிஷாந்தி ஈரக்கையிலேயே நோட்டீசைக் கொடுத்தாள். பின்கட்டைத் திறந்து பார்த்து, அந்தக் கதவைப் பலகை வைத்து அடிக்கச் சபையாட்கள் ஆணியோடு வந்திருந்தார்கள்.

அன்றைக்கே தனுஜாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சரிம்மா, நாளைக்கு வெள்ளனெ ஷிப்ட் இருக்கு, படுக்கிறேன்" என்றாள்.

டின் காலியாகிவிட்டது, ஆனால் டீச்சராக வேண்டிய மகள் விடிந்தால் கார்மெண்டுக்குத்தான் போவாள் என்பது காளியாயிக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வலைக்குப் போனாள். இப்போதும் போகிறாள். எந்தப் பை வந்தாலும் விரித்துப் பெயரைப் படித்துவிட்டுத்தான் சாக்கில் போடுகிறாள்.